அப்பாவுக்கு ஊர் டாக்டரே போதுமுங்களா, இல்ல கோயமுத்தூர் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட மாத்தோணுமா? ஆராய்ச்சி ஏதாச்சும் இருக்குதுங்களா?

கோபி_வாய்க்கால்:

வணக்கமுங்க. நமக்கு கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பாவுக்கு 67 வயசு, பிபியும் சுகரும் ரொம்ப வருஷமா இருக்குது, இப்ப முட்டி வலியும் சேந்துக்கிச்சு. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்தே ஊர்ல ஒரே டாக்டர்தானுங்க, எம்பிபிஎஸ் மட்டும் படிச்சவரு, சின்ன கிளினிக், பொழுதோட போனா ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காரோணும். எங்க அப்பச்சிக்கு பாத்தவரும் அவரேதான். அப்பாவ உள்ள கூப்புட்டதும் "என்னங்க, இந்த வருஷம் மஞ்ச நல்ல வெலைக்கு போச்சா"ன்னு கேட்டுட்டுதான் பிபி பாப்பாரு.

இப்ப பிரச்சன என்னன்னா அக்கா ஊட்டு மாமா கோயமுத்தூர்ல இருக்காருங்க, அவரு ஒரே புடியா நிக்கறாரு, இந்தக் காலத்துல யாராச்சும் வெறும் எம்பிபிஎஸ்கிட்ட சுகருக்கு காட்டுவாங்களா, ஹார்ட்டுக்கு ஒருத்தர், சுகருக்கு ஒருத்தர், முட்டிக்கு ஒருத்தர்னு தனித்தனியா காட்டிரலாம்னு. போன மாசம் கூட்டிட்டு போயி காட்டியும் ஆச்சு. இப்ப ஊட்டுல மூணு ஃபைலு, மாத்திர எண்ணிக்கையும் டபுள் ஆயிருச்சு. அப்பா என்னடான்னா "அந்த டாக்டருக்கு என்ற ஒடம்பு தெரியும்டா, இவியளுக்கு என்ற ரிப்போர்ட்டு மட்டுந்தான் தெரியும்"ங்கறாரு.

எனக்கு வேண்டியது சண்டைக்கு பாயிண்ட் இல்லீங்க. ஒரே டாக்டர்கிட்ட வருஷக்கணக்கா போறதுல நெசமாவே பிரயோஜனம் இருக்குதுன்னு யாராச்சும் ஆராய்ச்சி பண்ணி பாத்திருக்காங்களா, இல்ல இது அப்பாவோட செண்டிமெண்ட் மட்டும்தானா? இன்னொன்னு, புது டாக்டர் ஒருத்தர் பிபி மாத்திரய நைட்டுக்கு மாத்துங்கன்னாரு, ஊர் டாக்டர் காலைலதான் போட சொல்லியிருந்தாரு. எத கேக்கறது?

---

ஃபேமிலி_மெடிசின்_ஈரோடு:

நான் எம்பிபிஎஸ் முடிச்சுட்டு டிஎன்பி ஃபேமிலி மெடிசின், அதாவது குடும்ப மருத்துவத்துக்கான மேல்படிப்பு, மூணு வருஷம் படிச்சவன், அதனால என் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

நீங்க கேட்ட விஷயத்துக்கு கன்டின்யூட்டி ஆஃப் கேர்னு பேரு, ஃபேமிலி மெடிசின் ஆராய்ச்சில இப்ப ரொம்ப சூடா இருக்கற சப்ஜெக்ட்டே இதுதான். 2018ல இங்கிலாந்துல பெரேரா கிரேனு ஒரு மூத்த ஜிபியும் (அங்க குடும்ப டாக்டர அப்படித்தான் சொல்வாங்க) அவரு கூட இருந்தவங்களும் 9 நாட்டுல இருந்து வந்த 22 ஆய்வுகள தொகுத்து பாத்தாங்க, அதுல 18ல ஒரே டாக்டர்கிட்ட தொடர்ந்து போறவங்களுக்கு சாவு விகிதம் கொறைவா இருந்துச்சு. அப்பறம் வந்ததுதான் நார்வே ஆய்வு. அந்த நாட்டுல 2001ல இருந்து ஒவ்வொருத்தருக்கும் பேர் போட்டு ஒரு ஜிபி உண்டு, யாரு எத்தன வருஷமா யாருகிட்ட இருக்காங்கங்கறது அரசாங்க பதிவேட்டுலயே இருக்கும், அந்த டேட்டாவ வச்சு கிட்டத்தட்ட 45 லட்சம் பேர பாத்தாங்க. ஒரே டாக்டர்கிட்ட 15 வருஷத்துக்கு மேல இருக்கறவங்கள, சேந்து ஒரு வருஷம் மட்டும் ஆனவங்களோட ஒப்பிட்டா, சாவறதுக்கான வாய்ப்பு சுமார் 25% கம்மி, ஆஸ்பத்திரில அட்மிட் ஆவறது 28% கம்மி, ராத்திரி அவசரத்துக்கு ஓடறது 30% கம்மி. இதுல எனக்கு முக்கியமா பட்டது என்னன்னா இது படிப்படியா ஏறுது, 2–3 வருஷத்துலயே கொஞ்சம் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்குது, வருஷம் கூட கூட அதுவும் கூடுது.

ஏன் இப்படின்னா, மாயம் ஒண்ணும் இல்ல. உங்கப்பா உள்ள நடந்து வர்ற தோரணையிலயே "இன்னிக்கு சரியில்லயே"ன்னு அந்த டாக்டருக்கு தெரிஞ்சுரும், எந்த மாத்திர ஒத்துக்கல, எது போட்டா கால் வீங்குச்சு, எத வாங்கிட்டு போயி போடாமயே வச்சுக்குவாருன்னும் தெரியும். அப்பாவும் அவருகிட்ட மறைக்காம பேசுவாரு. புது எடத்துல இது எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்.

மூணு ஃபைலுன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு வெசனமே அதுதான். தயவு செஞ்சு இன்னிக்கே மூணு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கம்பெனி பேர விட்டுட்டு கீழ சின்ன எழுத்துல இருக்கற மருந்து பேர மட்டும் படிங்க. டெல்மிசார்டான்ங்கற பிபி மருந்து ரெண்டு கம்பெனி பேர்ல ரெண்டு சீட்டுலயும் இருக்கறத நான் அடிக்கடி பாத்திருக்கேன். அத விட மோசம், பிபிக்கு டெல்மிசார்டானும் கூடவே தண்ணி பிரியற மாத்திரயும் ஓடிட்டு இருக்கும்போது முட்டிக்கு டைக்ளோஃபெனாக், எடோரிகாக்ஸிப் மாதிரி வலி மாத்திர சேந்தா கிட்னிக்கு திடீர் அடி விழற வாய்ப்பு ஏறும், வயசானவங்களுக்கு, அதுவும் வெயில் காலத்துல தண்ணி சரியா குடிக்கலைன்னா இன்னும் மேல. எலும்பு டாக்டர் தப்பான மருந்து குடுத்தாருன்னு இல்லீங்க, அவரு சீட்டு சரி, ஹார்ட் டாக்டர் சீட்டும் சரி, ரெண்டும் ஒரே வயித்துக்குள்ள போவுதுங்கறத பாக்கறதுக்குதான் ஆள் இல்ல. ஆனா நீங்களா எதையும் நிறுத்திராதீங்க, மொத்தத்தையும் ஒரு பையில போட்டு ஊர் டாக்டர் மேசைல கொட்டுங்க.

காலையா நைட்டா கேள்விக்கு பதில் சுலபம். பிரிட்டன்ல டைம்னு ஒரு ட்ரையல் (சீட்டு குலுக்கி ரெண்டு குழுவா பிரிச்சு பாக்கற ஆய்வு), 21,000 பேருக்கு மேல, 2022ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு: காலைல போட்டாலும் நைட்டு போட்டாலும் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்ல வித்தியாசம் இல்ல. அப்பறம் கனடால ஃபேமிலி டாக்டருங்களே சேந்து நடத்துன பெட்மெட் ட்ரையல் 2025ல வந்துச்சு, அதுலயும் அதே கதைதான். மறக்காம எந்த நேரத்துல போடுவாரோ அந்த நேரம். தண்ணி பிரியற மாத்திர சேந்து இருந்தா மட்டும் காலைலயே போடறது நல்லது, இல்லைன்னா ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு வாசலுக்கு போகோணும், இருட்டுல விழுந்தா அது வேற கதை.

---

பனியன்_கம்பெனி_திருப்பூர்:

டாக்டர் சார் சொல்றதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா நார்வே நார்வேதானுங்க, இங்க நடக்கறது வேற. எங்க தெருவுல ஒரு டாக்டர், எங்க அம்மா பல வருஷமா அவருகிட்டதான், போனதும் ஊசி, கலர் கலரா நாலு மாத்திர, மூணு நாளைக்கு, முடிஞ்சுது. சுகர் பாக்கறதுனா விரல்ல குத்தி ஒரு நம்பர், "கொஞ்சம் ஏறியிருக்குமா, ஸ்வீட் கொறச்சுக்கங்க", அவ்வளவுதான். ஒரு தடவ கூட மூணு மாச சராசரி டெஸ்ட் எடுக்க சொன்னதில்ல, யூரின் டெஸ்ட் சொன்னதில்ல. அப்பறம் கால் வீங்கி வேற எடத்துல காட்டுனா கிட்னில புரதம் போயிட்டு இருக்குதுன்னாங்க. இத்தன வருஷம் "ஒரே டாக்டர்"தான, என்ன பிரயோஜனம்? அன்பா பேசறாரு, குடும்பத்த விசாரிக்கறாருங்கறதுக்கோசரம் அங்கயே கெடந்தோம்.

இன்னொரு சந்தேகம், நார்வேல ஒரே டாக்டர்கிட்ட 15 வருஷம் இருக்கறவன் யாரு? ஒரே ஊர்ல நெலையா, வேலை வெட்டியோட, ஒழுங்கா இருக்கறவன். எங்க கம்பெனில வேலை செய்யற பசங்க ஒடிசா, பீகார்ல இருந்து வந்து ரூம் மாத்தி ரூம் மாத்தி இருக்காங்க, அவனுக்கு ஏது ஃபேமிலி டாக்டர். நல்லா இருக்கறவன் நல்லா இருக்கான், அதுக்கு டாக்டர் எப்படி காரணம் ஆவாரு?

---

ஃபேமிலி_மெடிசின்_ஈரோடு:

சரியான அடிங்க இது. ரெண்டாவத முதல்ல சொல்லிர்றேன். நீங்க சொல்றத ஆராய்ச்சி பண்றவங்களும் கேட்டுக்கறாங்க. நார்வேல வயசு, படிப்பு, ஏற்கனவே இருக்கற நோய் எல்லாத்தையும் கணக்குல எடுத்து சரி பண்ணித்தான் பாத்தாங்க, அப்படியும் முழுசா சரி பண்ண முடியாது, ஏன்னா இது ட்ரையல் இல்ல, நடந்தத எட்ட நின்னு பாக்கற ஆய்வு. "நீ பத்து வருஷம் இவருகிட்ட போ, நீ மாத்திக்கிட்டே இரு"ன்னு சீட்டு குலுக்கி பிரிச்சு விட யாராலயும் முடியாதுல்ல. ஆனா பல நாட்டுல பல விதமா பாத்தும் காத்து ஒரே தெசையிலதான் அடிக்குது. இங்கிலாந்துல 62ல இருந்து 82 வயசு வரைக்கும் உள்ளவங்கள பாத்த ஆய்வுல, வெளில வச்சே சமாளிக்கக்கூடிய வியாதிக்கு ஆஸ்பத்திரில போயி படுக்கறது கன்டின்யூட்டி இருந்தவங்களுக்கு கொறைவா இருந்துச்சு. 2024ல வந்த இன்னொண்ணு அங்கத்து 381 கிளினிக்கோட ஒரு கோடிக்கு மேல விசிட்ட அலசி, வழக்கமான டாக்டர பாத்தவங்க அடுத்த தடவ திரும்பி வர்றதுக்கு 18% அதிக நாள் ஆவுதுன்னு சொல்லுச்சு. அதாவது ஒரு தடவை போனா வேலை முடியுது.

முதல் பாயிண்டுல நான் முழுசா உங்க பக்கம். கன்டின்யூட்டி வேலை செய்யற டாக்டர்கிட்டதான் பலன் தரும், தப்பையே பத்து வருஷம் தொடர்ந்தா அது வெறும் பழக்கம். நேரமும் ஒரு காரணம், 2017ல 67 நாட்டு டேட்டாவ தொகுத்து பாத்தாங்க, ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவு பண்ற நேரம் ஸ்வீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல, பங்களாதேஷ்ல 48 செகண்ட், நம்ம நாடு சுமார் 2 நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல மஞ்ச வெலையும் கேட்டு பிபியும் பாத்து பாதத்தையும் பாக்கோணும்னா எப்புடிங்க.

அதனால கோபி அண்ணா, உங்க ஊர் டாக்டர எட போட ஒரு வழி சொல்றேன், படிப்புப் பட்டத்த பாக்காதீங்க. மூணு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஹெச்பிஏ1சி (அந்த மூணு மாச சராசரி டெஸ்ட்) பாக்கறாரா, வருஷத்துக்கு ஒரு தடவ கிட்னிக்காக ரத்தத்துல கிரியாட்டினினும் யூரின்ல ஆல்புமின்ங்கற புரதமும் பாக்கறாரா, கண்ணுக்கு உள்ள விழித்திரை பாக்க அனுப்பறாரா, செருப்ப கழட்ட சொல்லி பாதத்த பாத்திருக்காரா, தனக்கு தெரியாததுக்கு "இது என்கிட்ட வேண்டாம், அங்க போங்க"ன்னு லெட்டர் எழுதி குடுக்கறாரா. இதெல்லாம் பண்றாருன்னா நான் என்ற அப்பாவ அவருகிட்டயே விட்டுருவேன், ஹார்ட் டாக்டர்கிட்ட அவரு அனுப்பும்போது மட்டும் போயிட்டு அந்த சீட்டோட திரும்பி அவருகிட்டயே வருவேன். பண்ணலைன்னா திருப்பூர் அண்ணன் சொல்றதுதான் சரி, மாத்திருங்க, ஆனா மூணு பேருகிட்ட மாத்தாதீங்க, ஒரு நல்ல பொது மருத்துவர்கிட்ட மாத்துங்க.

---

சென்னிமலை_அக்கா:

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாக்கறவ, படிக்கிற ஆராய்ச்சி எல்லாம் எனக்கு கம்மி, நடக்கறத சொல்றேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சாங்க, தெரிஞ்சிருக்கும். எங்க பொண்ணுங்க ஊடு ஊடா போயி பிபி சுகர் பாத்து மாத்திர குடுக்கறாங்க. எல்லாரும் "இலவச மாத்திர"ங்கறத மட்டும்தான் பேசறாங்க, எனக்கு அதுல பெரிய விஷயமே ஊட்டுக்குள்ள போறதுதான். கிளினிக்குல "மாத்திர போடறீங்களா"ன்னா எல்லாரும் "போடறேனுங்க"ம்பாங்க. ஊட்டுக்கு போயி பாத்தா டப்பால மூணு மாச மாத்திர அப்படியே கெடக்கும். கேட்டா "நல்லாத்தான இருந்தேன், அதான் நிறுத்திட்டேன்", இல்லைன்னா மாரியம்மன் நோம்பி, ஒறம்பரை வந்தாங்க, மறந்துட்டேன். சில பேரு எங்ககிட்டயும் வாங்கி பிரைவேட்லயும் வாங்கி ரெண்டையும் போட்டுக்கறாங்க, அதுவும் நடக்குது.

நம்ம மாநிலத்துல 2020ல பிபி, சுகர் மாதிரி தொற்றாத நோய்களுக்காக எடுத்த ஸ்டெப்ஸ் சர்வேல பிபி இருக்கறவங்கள்ல கட்டுப்பாட்டுல இருந்தவங்க 7.3%தான், சுகர்ல 10.8%. மூணு வருஷம் கழிச்சு மறுபடி எடுத்தப்ப ரெண்டுமே சுமார் 17%க்கு வந்துச்சு. ஏறியிருக்குதுன்னு சந்தோஷம்தான், ஆனா நூத்துல எம்பது பேருக்கு மேல இன்னும் வெளிலதான நிக்கறாங்க. ஸ்பெஷலிஸ்ட் இல்லாததனாலயாங்க இது? ஒரே மாத்திரய தெனமும் போடறதுக்கு கூட நிக்க ஆள் இல்லாததனால. ஐநா அவார்டு எல்லாம் 2024ல இந்த திட்டத்துக்கு குடுத்தாங்க, நல்லது, அந்த பொண்ணுங்களுக்கு சம்பளத்தையும் கொஞ்சம் பாத்து குடுத்தாங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்.

தம்பி, அப்பா பேர உங்க பகுதி லிஸ்ட்ல சேத்துருங்க, ஆனா பிரைவேட்ல என்ன போடறாருங்கறத அந்த பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லிருங்க.

---

ஃபேமிலி_மெடிசின்_ஈரோடு:

அக்கா சொன்னதுக்கு ட்ரையலே இருக்குதுங்க. கோப்ரா பிபிஎஸ்னு பேரு, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை கிராமங்கள்ல 2,645 பேரு, சுகாதாரப் பணியாளருங்க ஊட்டுக்கு போயி பிபி பாத்து, பேசி, தேவைப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்பி விட்டாங்க, ரெண்டு வருஷத்துல மேல் பிபி மத்த கிராமங்கள விட 5 பாயிண்ட் அதிகமா எறங்குச்சு, 2020ல வந்தது. அத விட பெருசு சீனால, 326 கிராமம், சுமார் 34,000 பேரு, கிராமத்து டாக்டருங்களுக்கே எழுதி வச்ச ஒரு முறைய சொல்லிக்குடுத்து மருந்த ஏத்தி எறக்க விட்டாங்க. ஒன்றரை வருஷத்துல அந்த கிராமங்கள்ல 57% பேருக்கு பிபி கட்டுக்குள்ள வந்துருச்சு, வழக்கமான வைத்தியம் நடந்த கிராமங்கள்ல 20% கூட இல்ல. அந்த கிராமத்து டாக்டருங்க நம்ம எம்பிபிஎஸ் அளவுக்குகூட படிச்சவங்க இல்ல. மாமாகிட்ட "வெறும் எம்பிபிஎஸ்"னு சொல்லும்போது இத சொல்லுங்க.

---

பவானி_கூடுதுறை:

எல்லாம் சரிங்க, ஒரே ஒரு கேள்வி. எங்க ஊர்ல அந்த மாதிரி நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு, அவருக்கே எழுவத தாண்டிருச்சு. பையன் ரேடியாலஜி படிச்சு சென்னைல செட்டில். அவருக்கப்பறம் கிளினிக்க மூடிருவாங்க. கன்டின்யூட்டி கன்டின்யூட்டிங்கறீங்க, டாக்டரே தொடரலைன்னா என்ன பண்றது?

---

ஃபேமிலி_மெடிசின்_ஈரோடு:

வயித்தெரிச்சலான கேள்வி. டிஎன்பி ஃபேமிலி மெடிசின் இருக்குது, கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரில எம்டியே இருக்குது, வேலூர் சிஎம்சி ஏற்கனவே கிளினிக் நடத்தற எம்பிபிஎஸ் டாக்டருங்களுக்கு தொலைதூரப் படிப்பா ஃபேமிலி மெடிசின் டிப்ளமோ நடத்தறாங்க. ஆனா இளசுங்க வர்றதில்ல, பொண்ணு பாக்க போனாகூட "எதுல ஸ்பெஷலிஸ்ட்"னுதான் முதல் கேள்வி, என்னையே கேட்டாங்க. இப்போதைக்கு பண்ணக்கூடியது, அவரு இருக்கும்போதே உங்க முழு வரலாற அவரு கையாலயே ஒரு பக்கத்துல எழுதி வாங்கி வச்சுக்கங்க: என்ன நோய், எப்ப இருந்து, எந்த மருந்து ஒத்துக்கல. அடுத்த டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.

---

கோபி_வாய்க்கால்:

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து மூணு சீட்டையும் எடுத்து வச்சு மெடிக்கல்ஷாப் அண்ணன்கிட்டயே உக்காந்து பாத்தேன். டெல்மிசார்டான் ரெண்டு தடவ இல்ல, நல்ல வேளை, ஆனா அதுல தண்ணி பிரியற மருந்தும் சேந்தே இருக்குது, முட்டிக்கு எடோரிகாக்ஸிப் எழுதியிருக்காங்க, அப்பா அத தெனமும் போட்டுட்டு இருந்திருக்காரு. பையோட ஊர் டாக்டர்கிட்ட போயாச்சு, வலி மாத்திரய நிறுத்திட்டு கிரியாட்டினின் எழுதி குடுத்தாரு, முட்டிக்கு தடவற ஜெல்லும் தொடை தசைக்கு பயிற்சியும் சொல்லியிருக்காரு. ஹெச்பிஏ1சி கடைசியா எப்ப பாத்தோம்னு நோட்ட பொரட்டி பாத்தா ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது, அதையும் எழுதிட்டாரு. பாதத்த பாத்தாரு, கண்ணுக்கு லெட்டர் நான் கேட்டதுக்கப்பறந்தான் குடுத்தாரு. அஞ்சுக்கு மூணரை மார்க் போடலாமுங்களா?

மாமா இன்னும் ஒத்துக்கல. யூடியூப்ல பாத்துட்டு சுகர மொத்தமா ரிவர்ஸ் பண்ணிரலாம், அதுக்கு ஒரு எடம் இருக்குதுங்கறாரு. டாக்டர் சார் அதுக்கும் ஒரு வார்த்த சொல்லிருங்க. அப்பறம் நாளைக்கு டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகோணுமா? அப்பா காலைல டீ இல்லாம இருக்க மாட்டாரு.

---

ஃபேமிலி_மெடிசின்_ஈரோடு:

மூணரை தாராளமா போடலாம், மீதி ஒன்றரைய நீங்க கேட்டு வாங்குங்க, கேக்கற நோயாளிய நல்ல டாக்டருக்கு புடிக்கும்.

ரிவர்ஸ் விஷயம் பாதி நெசம். பிரிட்டன்ல டைரெக்ட்னு ட்ரையல், ஜிபி கிளினிக்குலயே நடந்தது, மூணுல இருந்து அஞ்சு மாசம் ஒரு நாளைக்கு 850 கலோரி வரைக்கும்தான், வெறும் சூப்பு ஷேக்கு, ஒரு வருஷத்துல 46% பேருக்கு மாத்திர இல்லாமயே சுகர் வியாதி அளவுக்கு கீழ வந்துச்சு, ரெண்டாவது வருஷம் அது 36%. ஆனா அதுல எடுத்தவங்க எல்லாம் 65 வயசுக்குள்ள, குண்டா இருக்கறவங்க, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள ஆனவங்க. உங்கப்பா அந்த லிஸ்ட்லயே வரமாட்டாரு. பணத்த கட்டிராதீங்க. மாமாவுக்கே இப்பத்தான் சுகர் வந்திருக்குதுன்னா அவரு வேணா அவரு டாக்டர்கிட்ட கேட்டு பாக்கட்டும்.

ஹெச்பிஏ1சிக்கும் கிரியாட்டினினுக்கும் வெறும் வயிறு தேவையில்லீங்க, டீ குடிச்சுட்டே போகலாம். ஃபாஸ்டிங் சுகரும் கொழுப்பும் கூட எழுதியிருந்தாருன்னா மட்டும் லேப்ல ஒரு வார்த்த கேட்டுட்டு போங்க.

---

கோபி_வாய்க்கால்:

ஃபாஸ்டிங்கும் எழுதியிருக்காருங்க. சரி, டீய ஃபிளாஸ்க்குல ஊத்தி லேப்புக்கே எடுத்துட்டு போயிர்றேன்.